வீட்டு ஒலிப்பதிவுக்கு ஏற்ற முன்பெருக்கி

முன்னொரு காலத்தில் ஒரு குரலைப் பதிந்து வைக்க வேண்டுமாயின் வானொலி நிலையத்துக்கோ இசைத்தட்டு நிறுவனத்துக்கோ செல்ல வேண்டியிருந்தது. கனத்த சுவர்களும், தடித்த கதவுகளும், ஆளுயரப் பேழைகளில் அடுக்கப்பட்ட கருவிகளும் அங்கேதான் இருந்தன. இன்றோ ஒரு மேசை, ஒரு கணினி, ஓர் ஒலிவாங்கி ஆகிய மூன்றும் உள்ள அறை ஒலிப்பதிவுக்கூடம் ஆகிவிடுகிறது. பாடகர் வீட்டிலேயே பாடுகிறார். ஆசிரியர் வீட்டிலேயே பாடத்தைப் பதிகிறார். எண்பது வயதைக் கடந்த பாட்டியாரின் தாலாட்டைப் பேரப்பிள்ளைகள் வீட்டு அறையிலேயே பதிந்துகொள்கின்றனர்.

இம்மூவருள் பாட்டியாரின் நிலையே ஆழ்ந்து எண்ணத்தக்கது. பாடகர் தவறினால் மறுபடியும் பாடலாம், ஆசிரியரும் அவ்வாறே. ஆனால், இன்று தாலாட்டைப் பாடிய மூதாட்டிக்கு நாளையும் அதனைப் பாடும் வலு இருக்குமென்று எவரும் உறுதி கூற முடியாது. அவருடைய குரலோ மெல்லியது. அக்குரலோடு இரைச்சலும் சேர்ந்து பதிவாகிவிடின், பின்னர் அதனைப் பிரித்தெடுத்தல் எளிதன்று. பாலிற் கலந்த நீரைப் பிரிக்கும் அன்னத்தைப் புலவர் பாடினர். இக்காலக் கணினி நிரல்கள் இரைச்சலின் பெரும்பகுதியை நீக்கவல்லன எனினும், நீக்கும்பொழுது குரலின் நுண்மையையும் சிறிது அரித்தே செல்கின்றன. ஆதலின், முதற் பதிவிலேயே குரல் தூய்மையாக அமைதல் வேண்டும்.

இந்த இடத்திலேதான் முன்பெருக்கியைப் பற்றிய வினா எழுகிறது. ஒலிவாங்கிக்கும் பதிகருவிக்கும் இடையில் நின்று, ஒலிவாங்கி தரும் நுண்ணிய மின்னோட்டத்தைப் பயன்படத்தக்க அளவுக்கு உயர்த்துவது முன்பெருக்கி. ஒலிப்பதிவாளர் இதனைப் 'பிரீஅம்ப்' என்று வழங்குவர். கணினியோடு இணைக்கும் 'ஓடியோ இன்டர்பேஸ்' எனும் சிறு பெட்டியினுள்ளேயே இஃது அமைந்திருப்பதுண்டு. தனிக் கருவியாக விற்கப்படுவதும் உண்டு. முன்னதைவிடப் பின்னதன் விலை பல மடங்காகவும் இருக்கக்கூடும். கடைக்குச் செல்பவர், விலை உயர உயரத் தூய்மையும் உயரும் என்றே எண்ணிக்கொள்கிறார். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது?

முதலில், முன்பெருக்கி செய்யும் வேலையின் அளவை அறிதல் வேண்டும். ஷுவர் நிறுவனம் 1966ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய எஸ்.எம்.58 என்னும் ஒலிவாங்கி உலகெங்கும் மேடைகளில் காணப்படுவது. 94 டெசிபெல் அளவான ஒலி அதன்மேல் விழும்பொழுது அது தரும் மின்னழுத்தம் 1.85 மில்லிவோல்ற் மட்டுமே. 94 டெசிபெல் என்பது வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்து உரத்துப் பாடும் குரலுக்கு ஒப்பானது. மெல்லப் பாடும் மூதாட்டியின் குரல் ஒலிவாங்கியை அடையும்போது 64 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது ஏறத்தாழ 0.06 மில்லிவோல்ற். தொழில்முறைக் கருவிகள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் நியம அளவோ 1.23 வோல்ற். இவ்விரண்டுக்கும் இடையே இருபதினாயிரம் மடங்கு வேறுபாடு உண்டு.

இப்பெருக்கத்தையும் டெசிபெல் என்னும் அலகிலேயே அளப்பர். 20 டெசிபெல் பெருக்கம் என்றால் மின்னழுத்தம் பத்து மடங்காகிறது. 40 என்றால் நூறு மடங்கு. 60 என்றால் ஆயிரம் மடங்கு. ஆதலின், டைனமிக் வகை ஒலிவாங்கியைக் கொண்டு மெல்லிய குரலைப் பதிய விரும்புவோர், குறைந்தது 60 டெசிபெல் பெருக்கம் தரும் முன்பெருக்கியை நாடுதல் வேண்டும். நியம அளவை முழுமையாக எட்டாவிடினும், 24 பிட் முறையில் பதியும் இக்காலக் கருவிகளுக்கு அது போதுமானது. எஞ்சியதைப் பின்னர் கணினியிலேயே உயர்த்திக்கொள்ளலாம். கொண்டென்சர் வகை ஒலிவாங்கிகள் பலவும் டைனமிக் வகையைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு மின்னழுத்தம் தருவன. அவற்றுக்கு 40 டெசிபெல் அளவே பெரும்பாலும் போதும்.

இனி, இரைச்சலைக் கவனிப்போம். பல பெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசையில் முதலில் நிற்பதன் குறையே மிகப் பெரிதாகத் தோன்றும். ஊற்றிலே சேறு கலந்தால் ஆறு முழுவதும் கலங்குவதுபோல, முதற் பெருக்கியில் தோன்றும் இரைச்சலைப் பின்வரும் பெருக்கிகள் குரலோடு சேர்த்தே உயர்த்துகின்றன. ஆகவேதான் முன்பெருக்கியை ஆக்குவோர் அதன் இரைச்சலைக் குறைப்பதில் பெருமுயற்சி செய்துள்ளனர்.

அம்முயற்சிக்கும் இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கிறது. எந்தக் கடத்தியிலும் வெப்பத்தின் காரணமாக மின்னணுக்கள் ஓயாது அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சலே ஒரு மெல்லிய இரைச்சலாக வெளிப்படுகிறது. அறை வெப்பநிலையில் 150 ஓம் தடையொன்று செவிக்குப் புலனாகும் அதிர்வெண்களில் தரும் இவ்விரைச்சல் ஏறத்தாழ 0.22 மைக்குரோவோல்ற். கருவிகளின் விவரத்தாளில் வழங்கும் அளவுமுறைப்படி இது மைனஸ் 131 டெசிபெல் ஆகும். 150 ஓம் ஒலிவாங்கியைத் தாங்கும் எந்த முன்பெருக்கியும், அது எத்துணை விலையுயர்ந்ததாயினும், இந்த எல்லையைத் தாண்டிச் செல்ல இயலாது. இன்று விற்பனையாகும் நல்ல முன்பெருக்கிகள், எளிய இன்டர்பேஸ்களில் உள்ளவையும் உட்பட, மைனஸ் 127, மைனஸ் 128 என்னும் அளவுகளை எட்டிவிடுகின்றன. ஆகவே, மேலும் பெருந்தொகை கொடுத்து வாங்கக்கூடிய அமைதி மூன்று, நான்கு டெசிபெல்லுக்கு மேற்பட்டதன்று.

விவரத்தாள்களை ஒப்பிடும்பொழுது ஓர் எச்சரிக்கை வேண்டும். இரைச்சலை அளக்கும் முறைகள் பலவாகும். உள்வாயிலில் 150 ஓம் தடையை வைத்து அளப்போரும் உளர். இரு முனைகளையும் நேரே இணைத்துவிட்டு அளப்போரும் உளர். பின்னைய முறையில் அளந்தால் கருவி உள்ளதைவிட அமைதியானதாகத் தோன்றும். செவியின் இயல்புக்கு ஏற்பச் சில அதிர்வெண்களைத் தணித்துக் கணக்கிடுவோரும் உளர். ஒரே முறையில் அளந்த எண்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடல் தகும்.

இந்த எண்களின் உண்மைப் பொருளை அறிய, அவற்றை அறையின் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மைனஸ் 128 டெசிபெல் இரைச்சல் என்பது 0.31 மைக்குரோவோல்ற். மேலே கூறிய எஸ்.எம்.58 ஒலிவாங்கியில் இத்துணை மின்னழுத்தத்தை உண்டாக்கவல்ல ஒலி ஏறத்தாழ 18 டெசிபெல். ஊர் அடங்கிய இரவில் அமைதியான படுக்கையறையிலும் 30 டெசிபெல் அளவு ஒலி இருக்கும். மின்விசிறி சுழலும் அறையில் அது 40ஐயும் தாண்டும். எனவே, அந்த அறையில் பதிவாகும் இரைச்சலிற் பெரும்பங்கு அறையினுடையதே. முன்பெருக்கியை மாற்றி மூன்று டெசிபெல் அமைதியை வாங்கியவர், விசிறியை நிறுத்தாவிடின் அதனைக் கேட்கவே மாட்டார்.

தூரத்தின் கணக்கும் இதனையே காட்டுகிறது. பாடுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்கிறது. 60 சென்ரிமீற்றரிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு நெருங்கினால் 12 டெசிபெல், அதாவது நான்கு மடங்கு, கிடைக்கிறது. அறையின் இரைச்சலோ இருந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் கிடைக்காத இந்த ஆதாயத்தை ஒரு நாற்காலியை நகர்த்துவதன் மூலம் பெற்றுவிடலாம்.

அவ்வாறாயின் விலையுயர்ந்த முன்பெருக்கிகள் வீண் ஆடம்பரமோ எனில், அன்று. அவை தரும் பயன் வேறு. பழைய வால்வுக் கருவிகளும், மின்மாற்றி பொருந்திய கருவிகளும் குரலுக்குச் சற்றே தம் நிறத்தையும் ஊட்டுவன. 1950களில் ஜேர்மன் வானொலி நிலையங்களில் வழங்கிய வி72 என்னும் வால்வுப் பெருக்கியின் ஒரு வகை, இலண்டன் அபே ரோட் ஒலிப்பதிவுக்கூடத்திலும் இடம்பெற்றது. ரூபர்ட் நீவ் 1970இல் வெளியிட்ட 1073 என்னும் பெருக்கி, உள்வாயிலிலும் வெளிவாயிலிலும் மின்மாற்றிகளைக் கொண்டது. அதன் செழுமையான ஒலியை விரும்பி இன்றும் பலர் அதனைப் படியெடுத்துச் செய்கின்றனர்.

அளவுக்கு மீறிய சுமை ஏறும்பொழுது பெருக்கி தரும் சிதைவையே அழகாக்கிக் கொண்டவர்களும் உளர். 1968இல் பீட்டில்ஸ் குழுவினர் 'ரெவல்யூஷன்' என்னும் பாட்டைப் பதிந்தபோது, கிற்றார்களை நேரே அபே ரோட் பீடத்தின் முன்பெருக்கிகளிற் செலுத்தி, அவை தாங்கக்கூடிய எல்லைக்கு மேல் உயர்த்தினர். அங்கே எழுந்த கரகரப்பே அப்பாட்டின் அடையாளமாயிற்று. எனினும், இது விரும்பித் தேர்ந்த நிறமாகும். தாலாட்டைப் பதிபவர் நாடுவது குரலின் இயல்பையே. மேலும், தூய்மையாகப் பதிந்த குரலுக்குப் பின்னர் கணினியில் நிறம் ஊட்டலாம். நிறம் ஊட்டிப் பதிந்ததை மீளவும் தூய்மையாக்கல் இயலாது. முதன்முதலில் ஒரே ஒரு கருவி வாங்குபவருக்குத் தெளிவான முன்பெருக்கியே தகும் என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து நோக்க வேண்டியது 48 வோல்ற் மின்னூட்டம். கொண்டென்சர் ஒலிவாங்கி தானாக இயங்காது; அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். முற்காலத்தில் ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் தனித்தனி மின்பெட்டி வைத்தனர். 1966இல் ஜேர்மனியின் நொய்மன் நிறுவனம் நோர்வே வானொலிக்கென, ஒலியைக் கொண்டுசெல்லும் அதே கம்பிகளின் வழியே மின்சாரம் பெறும் ஒலிவாங்கியை ஆக்கித் தந்தது. அந்நிலையத்தில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ற் மின்வழங்கல் ஏற்கெனவே இருந்தமையால், அந்த அளவே தேர்ந்துகொள்ளப்பட்டது. வானொலி நிலையமொன்றின் விளக்குகளுக்காக அமைந்த எண் இன்று உலக நியமமாய் விளங்குகிறது. கண்ணுக்குப் புலப்படாது செல்வதால் இதற்குப் 'பாண்டம்' மின்சாரம் என்று பெயர்.

கொண்டென்சர் ஒலிவாங்கி வைத்திருப்போர், தாம் வாங்கும் முன்பெருக்கி 48 வோல்ற்றை முழுமையாகத் தருகிறதா என்று உறுதிசெய்தல் வேண்டும். நியமம் 44 முதல் 52 வோல்ற் வரை இடமளிக்கிறது. செம்மையான டைனமிக் ஒலிவாங்கிக்கு இம்மின்சாரத்தால் கேடில்லை. ஆனால், பழைய நாடா வகை ஒலிவாங்கிகள், கம்பியிற் பழுது இருப்பின், இதனாற் கெடக்கூடும். ஒலிவாங்கியை இணைத்த பின்னரே மின்சாரத்தைச் செலுத்துவதும், கழற்றுமுன் அதனை நிறுத்துவதும் நல்ல பழக்கம்.

மெல்லிய குரலைப் பற்றி இதுவரை கூறியதற்கு நேர்மாறானது நாதஸ்வரமும் தவிலும் எழுப்பும் ஒலி. 114 டெசிபெல் ஒலி, கொண்டென்சர் ஒலிவாங்கியொன்றில் 200 மில்லிவோல்ற் அளவும் தோற்றுவிக்கும். தவிலின் ஒவ்வோர் அடியும் அதனினும் மேலே தாவும். அப்பொழுது வேண்டுவது பெருக்கம் அன்று, தாங்கும் ஆற்றல். பெருக்கக் குமிழை முற்றாகக் குறைத்த பின்னரும் ஒலி சிதைகிறதெனில் அக்கருவி அவ்வாத்தியத்துக்கு ஏற்றதன்று. உள்வரும் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 20 டெசிபெல் தணிப்பு விசை உள்ள கருவி இத்தகையோருக்குப் பெரிதும் உதவும். எனவே, எதைப் பதியப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாதவர் எதை வாங்குவது என்பதை முடிவு செய்ய இயலாது.

ஒலிவாங்கியும் முன்பெருக்கியும் ஒன்றுக்கொன்று பொருந்துதலும் வேண்டும். ஒலிவாங்கிகளின் உள்தடை பெரும்பாலும் 150 முதல் 300 ஓம் வரை இருக்கும். முன்பெருக்கியின் உள்வாயில் தடை அதனைப்போற் குறைந்தது ஐந்து மடங்காயினும் இருத்தல் நன்று. பத்து மடங்காயின் மிக நன்று. 1,500 ஓம் முதல் 3,000 ஓம் வரை உள்ள வழக்கமான கருவிகள் பெரும்பாலான ஒலிவாங்கிகளுக்கு இணங்கும். நாடா வகைக்கு இதனினும் உயர்ந்த தடை விரும்பத்தக்கது.

மூன்று முனைகளுடைய எக்ஸ்.எல்.ஆர். செருகி மூலம் ஒலிவாங்கியை இணைப்பதற்கும் தக்க காரணம் உண்டு. அதன் இரு கம்பிகளில் ஒலி ஒன்றுக்கொன்று எதிர்நிலையிற் செல்கிறது. சுவரிலுள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் 50 சுற்று ரீங்காரமோ இரு கம்பிகளிலும் ஒரே நிலையிற் படிகிறது. முன்பெருக்கி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்குவதால் ரீங்காரம் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. வீட்டு மின்கம்பிகளின் நடுவே பதிவு செய்பவருக்கு இந்த இணைப்பு இன்றியமையாதது. அதன் பின்னரும் ரீங்காரம் கேட்குமாயின், முன்பெருக்கியைப் பழிக்குமுன் கம்பியையும் செருகியையும் சோதிப்பதே முறை.

ஏற்கெனவே ஓர் இன்டர்பேஸ் வைத்திருப்பவர், அதன் பெருக்கம் போதவில்லை என்பதற்காக முழுக் கருவியையும் மாற்ற வேண்டியதில்லை. ஒலிவாங்கிக்கும் முன்பெருக்கிக்கும் இடையே பொருத்தும் சிறு துணைப்பெருக்கிகள் உண்டு. அவை 48 வோல்ற் மின்சாரத்தைத் தாம் எடுத்துக்கொண்டு 20 முதல் 25 டெசிபெல் வரை கூட்டித் தருவன. குமிழை முற்றாகத் திருப்பும்போது சீறும் இயல்புடைய பழைய முன்பெருக்கிகளுக்கு இவை நல்ல துணை. கொண்டென்சர் ஒலிவாங்கிகளுக்கோ இவை வேண்டாதவை.

எண்களைப் படிப்பதோடு நில்லாமல், இயலுமாயின் செவியாலும் சோதித்தல் வேண்டும். பதியப்போகும் அதே ஒலிவாங்கியை இணைத்து, பதியப்போகும் குரலுக்குத் தேவையான அளவில் குமிழை வைத்து, ஒலிவாங்கியை உடுப்புகள் நிறைந்த அலுமாரியுள் வைத்து மூடிவிட்டு ஹெட்போனிற் கேட்க வேண்டும். அப்பொழுது கேட்பது பெரும்பாலும் கருவியின் இரைச்சலே. பின்னர் ஒலிவாங்கியை வெளியே எடுத்து அறையின் ஒலியைக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் பெரும் வேறுபாடு இருப்பின், சீர்செய்ய வேண்டியது அறையே. இரண்டும் ஒத்திருப்பின், முன்பெருக்கியை மாற்றுவதிற் பயன் உண்டு.

இரு முன்பெருக்கிகளை ஒப்பிடுபவர் இரண்டின் ஒலியளவையும் சரிசமமாக்கிய பின்னரே கேட்டல் வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்ததென்று கொள்ளுதல் செவியின் இயல்பு. எது எந்தக் கருவியின் பதிவு என்று அறியாதவாறு பிறரொருவரைக் கொண்டு மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தால், விலைச்சீட்டு செவியை மயக்காது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் செலவின் வரிசை தெளிவாகிறது. முதலில் அறை, அடுத்து பதியும் குரலுக்கு ஏற்ற ஒலிவாங்கி, அதன்பின் போதிய பெருக்கமும், மைனஸ் 125 டெசிபெல்லை எட்டிய அமைதியும், 48 வோல்ற் மின்னூட்டமும் கொண்ட தெளிவான முன்பெருக்கி. நிறத்துக்கென வாங்கும் விலையுயர்ந்த கருவி இம்மூன்றும் நிறைவேறிய பின்னர் வரத்தக்கது. கருவிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் தடித்த திரைச்சீலைக்கும் கம்பளத்துக்கும் செலவிட்டவர் எதிரொலியைக் குறைத்துக்கொள்கிறார். பதியும் நேரத்தை இரவுக்கு மாற்றியவரோ பணமின்றியே அமைதியைப் பெறுகிறார்.

மூதாட்டியின் தாலாட்டைப் பதிய விரும்பும் வீட்டார் செய்ய வேண்டுவதும் இதுவே. இன்னும் சிறந்த கருவி வாங்கும்வரை காத்திருத்தல் வேண்டாம். இருக்கும் கருவியைக் கொண்டே, வாகனங்கள் ஓய்ந்த ஓர் இரவில், விசிறியை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் மின்சாரத்தைச் சற்று நேரம் துண்டித்து, மெத்தையும் துணிகளும் உள்ள அறையில் அவரை வசதியாக அமர்த்தி, ஒரு சாண் தூரத்தில் ஒலிவாங்கியை வைத்துக் குமிழை அளவாகத் திருப்புதல் வேண்டும். மிக உரத்த இடத்திலும் 10 டெசிபெல் இடைவெளி எஞ்சி நிற்குமாறு அமைத்தால் சிதைவு நேராது. காலம் கடந்து வாங்கும் மிகச் சிறந்த முன்பெருக்கியும், பதியாமற் போன குரலைப் பெருக்கித் தரமாட்டாது.